எஞ்சினுக்குக் கறை வைத்த பல்லுக்காரர்

பல்லுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்த ரயில் எஞ்சின் பதினான்கு அங்குல நீளம். இருபத்துமூன்று நாளில் அது இரண்டரை அங்குலமாகிவிட்டது. யாரும் அதை வெட்டவில்லை, உருக்கவில்லை, வைத்த இடத்தைவிட்டு அது ஒரு மயிரிழை நகரவுமில்லை. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு பல்லுக்காரர் இரும்பு அளவுகோலை எடுத்துவந்து அதன் முன்னால் வைத்துப் பார்ப்பார். நேற்றைக்கு இன்றைக்கு அரை அங்குலம் குறைந்திருக்கும். எங்கள் தெருவில் இதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் தெருக்குழாயில் தண்ணீர் வராமல் ஆளுக்கொரு குடத்தோடு அலைந்துகொண்டிருந்தோம். அவரவர் பாடு அவரவருக்கு. அடுத்தவன் மேசைமேல் இருக்கிற பொம்மை சிறுத்தால் என்ன, பெருத்தால் என்ன என்று இருந்துவிட்டோம். பெருத்தால் என்ன என்பது பிறகு தெரிந்தது.

பல்லுக்காரர் பல் பிடுங்குகிறவர் அல்ல, பிடுங்கிக்கொண்டவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அங்கே அலமாரி முழுக்க எங்கள் தெருக்காரர்களின் வாய்கள் பிளாஸ்டர் அச்சில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் இன்னார் என்று சீட்டு ஒட்டி. அவருடைய பேர்போன வேலை கறை. பழைய வாயில் புதுப்பல் வைத்தால் முகமே பொய் சொல்கிற மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. அதனால் டீ குடிக்கிறவருக்கு டீக்கறை, புகை பிடிக்கிறவருக்குப் பின்பக்கம் பழுப்பு, பத்து வருஷம் காத்திருந்து பல் கட்டிக்கொள்கிறவருக்கு அந்தப் பத்து வருஷத் தேய்மானம் என்று கணக்காக வைப்பார். தச்சர் ஒருவருக்கு முன்பல்லில் ஆணி கடித்த பள்ளம்கூட வைத்துக் கொடுத்தார்; அந்த மனிதர் அதில் ஓர் ஆணியை வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பல்லுக்காரரின் மனைவிக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. எழுத்துப் பலகைக்கு முன்னால் நம்மை உட்கார வைத்து, கண்ணுக்கு ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா என்று கேட்கிற கண்ணாடிக்காரம்மா அவள்தான். தெருவில் பாதிப் பேருடைய வாய் அவர் கையில், பாதிப் பேருடைய கண் இவள் கையில். அந்த வீட்டைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

கண்ணாடிக்காரம்மாவின் அப்பா எஞ்சின் டிரைவர். அவளுடைய அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் சோறு ஊட்டியதும் சடை பின்னியதும் அவர்தான். அப்படிப்பட்டவர், பல்லுக்காரர் வீட்டிலிருந்து மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்று உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகும் வருங்கால மாப்பிள்ளை எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போய்விடுவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல், வழியில் நின்றுபோன ஒரு வண்டியை இழுத்து வருவதற்காக எஞ்சினை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போனார். கூட, கரி தள்ளுகிறவர் ஒருவர். போனவர் போனவர்தான். வண்டியும் வரவில்லை, எஞ்சினும் வரவில்லை. அறுபது டன் எடை. தொலைந்துபோக அது என்ன ஊசியா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது; பல்லுக்காரனுக்குப் பெண் கொடுக்க மனசில்லாமல் எஞ்சினோடு ஓடிவிட்டார் என்று சொல்லிவிட்டது. கல்யாணம் அப்பா இல்லாமலே நடந்தது.

ரயில்வேக்காரர்கள் ஒரு நாளும் அந்த எஞ்சின் காணாமல் போய்விட்டது என்று சொல்லவில்லை. அவர்கள் பதிவேட்டில் அது தாமதம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும்: தங்கள் தந்தையார் ஓட்டிச் சென்ற வண்டி தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, ஏற்பட்டுள்ள சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்படி முப்பத்தோரு கடிதங்கள். முதல் கடிதம் வந்தபோது கண்ணாடிக்காரம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, வர மாட்டேன் என்று போனாரா, வர முடியாமல் போனாரா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பா என்ற சொல்லே கிடையாது. பல்லுக்காரரும் கேட்கவில்லை. அவர் நெஞ்சிலும் ஒரு முள் இருந்தது. இவளுடைய அப்பா போனதற்கு நான்தான் காரணம் என்று தினமும் நினைத்துக்கொண்டே அவளோடு சாப்பிட உட்கார்ந்தார். அவள் வீட்டில் வேறு ஆளில்லை என்பதால், இந்த முப்பத்தோரு வருஷத்தில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஒரு வாய்கூட இல்லை. ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுத்த மனிதனுக்கு இது பெரிய குறை.

அறுபதை நெருங்கும்போது ஆம்பிளைகளுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் மீன் வளர்ப்பார்கள், சிலர் எதிரே வருகிறவனுக்கெல்லாம் நடைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். பல்லுக்காரர் பெட்டியில் வந்த பித்தளைப் பாகங்களை வாங்கிப் பற்றவைத்து, பதினான்கு அங்குலத்துக்கு ஒரு நீராவி எஞ்சின் கட்டினார். கட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே பளபளவென்று மெருகெண்ணெய் பூசி, சாப்பாட்டு மேசைமேல் வைத்து, மனைவி கடையிலிருந்து வருகிற நேரம் பார்த்துத் தற்செயலாக நிற்பதுபோல் நின்றார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தாள்.

"எஞ்சினா இது? கல்யாண வீட்டு ஷூ மாதிரி இருக்கு. எங்கப்பா எஞ்சின்ல பளபளன்னு இருந்தது கைப்பிடி ஒண்ணுதான். அதுவும் அவர் கை பட்டுப் பட்டு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் வீட்டுக்குள் வந்திருக்கிறது. பல்லுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. கூடவே வெட்கமாகவும் இருந்தது. கிழவாய்க்குக்கூடப் புதுப்பல் வைக்காதவன், ஊரெல்லாம் கரி அள்ளித் திரிந்த எஞ்சினுக்கு மெருகு போட்டு வைத்திருக்கிறோமே என்று. மறுநாள் அவள் கடைக்குப் போனதும் அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரே படத்தை எடுத்துவந்து பட்டறையில் குத்திவைத்தார். படத்தில் எஞ்சின் புகையும் அழுக்குமாக நிற்கிறது, எண் பலகைகூடக் கரியில் மூடிக்கிடக்கிறது. பக்கத்தில் மாமனார் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் எஞ்சினை மட்டும் பார்த்து வேலையை ஆரம்பித்தார்.

முதலில் கறுப்பை ஒழித்தார். வெயிலில் கிடந்த கறுப்பு கறுப்பாக இருக்காது, பழுப்பும் சாம்பலும் கலந்துதான் இருக்கும். பிறகு துரு. தகட்டு ஓரங்களுக்குத் துருநிறம் அடித்து, ஈரத்தோடு உப்புக்கல் தூவி, காய்ந்தபின் மேலே பெயின்ட் பூசி, உப்பைத் தேய்த்து உதிர்த்தார். உப்பு இருந்த இடமெல்லாம் பெயின்ட் பெயர்ந்து, உள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. நீர்க்க நீர்க்கக் கரைத்த அழுக்கு வண்ணத்தை மேலெல்லாம் ஓடவிட்டு, துணியால் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தார். மழை கீழ்நோக்கித்தானே பெய்கிறது. கரித்தூளை மாவாக அரைத்துப் பஞ்சால் தொட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் தட்டினார். சக்கரத் தண்டுகளுக்கு எண்ணெய்ப் பிசுக்கு, கைப்பிடிக்குப் பென்சில் முனையைத் தேய்த்த மினுக்கு. கடைசியில் அந்த வெள்ளைக் கறை. வால்வு கசிந்து கசிந்து, உப்புத்தண்ணீர் காய்ந்து, கொதிகலனின் நடுவிலிருந்து சக்கரம்வரை வெள்ளையாக ஒரு தடம் படத்தில் இறங்கியிருந்தது. அதற்கு மட்டும் நாலு நாள் எடுத்துக்கொண்டார். படத்தில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்திலேயே, இடது பக்கத்தில், ஒற்றை மயிர்த் தூரிகையால் இறக்கினார். முடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது வீட்டில் நிஜமான கரிப்புகை வாடை வந்தது. எதிர்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வையில் கரித்துகள் விழுந்து, பொம்மை எஞ்சின் மேல் ஒரு புகாரும் வந்தது. கண்ணாடிக்காரம்மா நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றைக்கு அவர் தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. மறுநாள் காலையில் எஞ்சின் அரை அங்குலம் குறைந்திருந்தது.

பெயின்ட் இறுகி உலோகத்தை இழுக்கிறதோ என்று முதலில் நினைத்தார். பெயின்ட் கடைக்காரரைக் கேட்டார்; அவர் இதுவரை அப்படிப் புகார் வந்ததில்லை என்றார். ஈரத்துணி சுற்றிவைத்தார், வெயிலில் வைத்தார், ஒன்றுக்கும் மசியவில்லை. இருபத்துமூன்றாம் நாள் எஞ்சின் ஆட்காட்டி விரல் அளவுக்கும் குறைவாகிவிட்டபோது கண்ணாடிக்காரம்மா கடையிலிருந்து வில்லைப் பெட்டியை எடுத்துவந்தாள். கிட்டப் படிக்கிற வில்லையைப் போட்டுப் பார்த்தாள்; எஞ்சின் கலங்கித் தெரிந்தது. அவள் தொழிலில் இது நடக்கக்கூடாத காரியம். சந்தேகப்பட்டு, தெருக்கோடி பார்க்கிற வில்லையைப் போட்டாள். ஒவ்வொரு ஆணித்தலையும் தனித்தனியாகத் தெரிந்தது. வில்லையைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

"இது சின்னதாகலைங்க. தூரமா போயிட்டிருக்கு" என்றாள்.

மேசைமேல்தானே இருக்கிறது என்றார் பல்லுக்காரர்.

"மேசைமேல இருந்துக்கிட்டேதான் போகுது. மறுபடியும் போறாருங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணத்தன்று அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதாள். பல்லுக்காரர் பக்கத்தில் நின்றார். நான் கை வைத்தால் அந்த மனிதர் போய்விடுகிறார், முதல் தடவையும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான் என்று நினைத்தபோது அவருக்கு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு அரை அங்குலம் என்றால் பாக்கி ஐந்து நாள். அதற்குப் பிறகு தெருக்கோடி வில்லைக்கும் எட்டாது.

மறுநாள் காலை தையல்காரர், கீழ்செட் ஈறை அழுத்துகிறது என்று வந்தார். பட்டறையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர், சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து கை வெளியே வந்ததும் முதல் வார்த்தையாக, அந்தச் சட்டையைத் தைத்தது யார் என்று கேட்டார். அது மாமனார், சட்டை யார் தைத்ததோ தெரியாது என்றார் பல்லுக்காரர்.

"பை வலது பக்கம் இருக்கு. பொத்தானும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறி இருக்கு. ஆம்பளைச் சட்டைய இப்படித் தைக்கிறவன் இன்னும் பொறக்கலை. படத்தைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கான், உங்களுக்குத் தெரியலையா?" என்றார் தையல்காரர்.

நடந்தது அதுதான். பழைய படம் மழையில் நனைந்துபோய், பத்து வருஷத்துக்கு முன்னால் நெகட்டிவைக் கொடுத்துப் புதிதாகப் பிரிண்ட் எடுத்திருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைப் பின்பக்கமாக வைத்துவிட்டார். எண் பலகை கரியில் மூடிக்கிடந்ததால் எழுத்தும் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணாடிக்காரம்மா வாங்கிவந்த வேகத்தில், பார்க்க மனம் இல்லாமல், உறையோடு பெட்டிக்குள் போட்டுவிட்டாள். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள் இந்த ஒரு படத்தைச் சோதிக்கவில்லை. ஒரு தடவைகூட வலது கடைவாய்ப்பல்லை இடது பக்கம் வைத்தறியாத பல்லுக்காரர், ஓர் எஞ்சினின் முப்பது வருஷ அழுக்கை முழுசாகப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும். வலது பக்கத்து அழுக்கை இடது பக்கத்தில் வைத்தால் எஞ்சின் எதிர்த்திசையில்தான் போகும். இதைப் புரிந்துகொள்ள ரயில்வேயில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எஞ்சின் ஒன்றரை அங்குலமாக இருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் வேலையைத் தொடங்கினார்கள். பல்லுக்காரர் தூரிகையோடு கையை நீட்டினார். கை மேசைக்கு மேலே போகப் போகச் சிறுத்து, முழங்கை தாண்டியபோது விரல்கள் அரிசி அளவுக்கு ஆகிவிட்டன, அப்படியும் எட்டவில்லை. வெளியே இழுத்தபோது சட்டைக்கை நனைந்திருந்தது. அங்கே மழை. பிறகு ஒட்டடைக் கம்பில் தூரிகையைக் கட்டிப் பார்த்தார்கள், அதுவும் போதவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் மாடியில் துணி எடுக்கும் கம்பை வாங்கி இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள்; எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. மேசையின் அகலம் மூன்றடி. பதினெட்டு அடிக் கம்பு அதற்குள் முழுசாகப் போயிற்று, அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரம்மா நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு தெருக்கோடி வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, மேலே, இன்னும் மேலே, இடது பக்கம் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பல்லுக்காரர் ஒவ்வொரு தீற்றலுக்கும், இது தெளிவா, முன்ன வச்சது தெளிவா என்று அவள் கேள்வியை அவளிடமே கேட்டார். இடது பக்கத்து வெள்ளைக் கறையைக் கரைத்து எடுத்து வலது பக்கத்தில் இறக்க மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. தூரிகை திரும்பி வந்தபோது அதன் நுனி சூடாக இருந்தது.

மறுநாள் அளந்தால் ஒன்றரை அங்குலம். அதற்கு மறுநாளும் அதே ஒன்றரை. போவது நின்றுவிட்டது; வருவது தொடங்கவில்லை. மூன்று நாள் அப்படியே நின்றது. தெருவில் இப்போது எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, குழாயில் தண்ணீரும் வந்துவிட்டதால் வேடிக்கை பார்க்க நேரமும் இருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கரி போதாது என்றார் ஒருவர், எண்ணெய் போதாது என்றார் இன்னொருவர். கண்ணாடிக்காரம்மா வில்லையோடு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். படம் காட்டுவது எஞ்சினின் ஒரு பக்கத்தைத்தான். இன்னொரு பக்கத்தை யார் பார்த்தது? அவள்தான் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா வண்டி வருகிறதா என்று போய் நிற்கிற பிள்ளை.

"இடது பக்கம் கீழ்ப்படியப் பாருங்க. புத்தம் புதுசா இருக்கு. எங்கப்பா எப்பவும் இடது காலைத்தான் முதல்ல வச்சு இறங்குவார். நடுவுல தேஞ்சு வெள்ளையா இருக்கும். கால் வச்ச இடமே இல்லாத படியில எப்படிங்க இறங்குவார்?" என்றாள்.

கம்பை அவளே வாங்கிக்கொண்டாள். பல்லுக்காரர் தேய்ந்த இரும்பின் நிறத்தை ஒரு சொட்டு கலந்து தூரிகை நுனியில் வைத்துக் கொடுத்தார். தெருவே வாசலில் கூடி நின்றது. அவள் ஒரே ஒரு தொடுதல் தொட்டாள், கம்பைத் திரும்ப இழுத்தாள். பக்கத்து வீட்டில் கெட்டில் கொதிப்பதுபோல் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. பக்கத்து வீட்டில் அப்போது அடுப்பு எரியவில்லை.

அன்றிலிருந்து எஞ்சின் வரத் தொடங்கியது. முதலில் நாளுக்கு அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம், பிறகு நாலு. எந்த வண்டியும் கிட்டே வர வரத்தான் மளமளவென்று பெரிதாகும். எட்டாம் நாள் பழையபடி பதினான்கு அங்குலம் ஆனது, நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மேசை முறிந்தது. எதிர்வீட்டு அக்கா புகார் சொல்வதை விட்டுவிட்டு, கரி விழுந்தாலும் தெரியாதபடி வீட்டில் எல்லோருக்கும் கறுப்புத்துணி எடுத்தார். பதினைந்தாம் நாள் எஞ்சினின் முகம் கூடத்துச் சுவரைத் தொட்டபோது கண்ணாடிக்காரம்மாதான் பயந்தாள்.

"வீடு போயிடுமேங்க" என்றாள்.

"வீடு போனா கட்டிக்கலாம். அவர் இன்னொரு தடவை போனா நான் எங்க போய்க் கறை வைப்பேன்?" என்றார் பல்லுக்காரர்.

சொன்ன கையோடு கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டு முன்சுவரைத் தானே இடித்தார். ரயில் நிலையத்திலிருந்து குமாஸ்தா ஒருவர் அளவு நாடாவும் பதிவேடுமாக வந்து சேர்ந்தார். வண்டி வருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. பிளாட்பாரம் இல்லாத இடத்தில் வந்தால் பதிவேட்டில் எப்படி வரவு வைப்பது என்பதுதான் அவர் கவலை. வாசற்படியின் உயரத்தை அளந்தார், இரண்டு அங்குலம் குறைகிறது என்றார், பலகை ஒன்றைப் போடச் சொன்னார். நிலையத்தில் ஏற்கெனவே மூன்று பிளாட்பாரம் இருந்ததால் வாசல் தூணில் நான்கு என்று எழுதிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எஞ்சின் முழு அளவுக்கு வந்து நின்றது. கூடம் முழுதும், முன்னறை முழுதும், தெருவில் பத்தடி. அடுப்படி தப்பித்தது. வலது பக்கத்தில் வெள்ளைக் கறை, புகைபோக்கிக்குப் பின்னால் கரி, எல்லாம் பல்லுக்காரர் வைத்தது வைத்தபடி. முதலில் கரி தள்ளுகிறவர் குதித்து, டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் இடது பக்கத்தில் ஒரு கால் வெளியே வந்து, படியைத் தேடி, தேய்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, மிதித்து இறங்கியது.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது, போன அன்றைக்கு இருந்தபடி. மகளுக்கு ஐம்பத்தைந்து. எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் பார்த்தார். அவள் கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியதும் தெரிந்துகொண்டார்.

"கல்யாணம் ஆரம்பிச்சிட்டாங்களா கண்ணு?" என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்.

அது ஆகி முப்பத்தோரு வருஷமாகிறது என்று எங்களில் யாரோ சொன்னார்கள். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். கல்யாணத்தன்று லீவு கிடைக்க வேண்டுமென்று வேறொருவர் ட்யூட்டியைத் தான் மாற்றிக்கொண்டு போனதாகவும், நின்றுபோன வண்டி அதற்குள் சரியாகி வந்த வழியே போய்விட்டதால் எஞ்சினை மட்டும் திருப்பிக்கொண்டு வரும்போது, நிலையத்துக்கு வெளியே வெளிச்சிக்னலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். நடுவில் என்னவோ பின்னால் போகச் சொல்லி சிக்னல் விழுந்ததாம், போனார்களாம். அப்புறம் மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஒட்டடைக் கம்பு வந்து எஞ்சினைத் துடைத்ததாம். ரயில்வேயில் இப்போது இந்த வசதியெல்லாம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். வெளிச்சிக்னலில் நின்று பழகியவர்கள் யாரும் அவர் சொன்னதைச் சந்தேகப்படவில்லை. வர மாட்டேன் என்று போகவில்லை. வர முடியாமல்தான் போயிருக்கிறார். கண்ணாடிக்காரம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. பல்லுக்காரர் இடிந்த சுவருக்குப் பின்னால் போய் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, இவரோட ஏம்ப்பா ஒரு வார்த்தைகூடப் பேசல? உங்களுக்கு இவரப் பிடிக்கலையா?" என்றாள்.

டிரைவர் தெருவைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் வாயிலிருந்து கையை எடுத்தார். முன்பல் நாலும் இல்லை.

"பிடிக்காம என்ன? பல்லு செய்யுறவர் முன்னாடி இந்த வாயை எப்படித் திறக்கிறது? வெக்கமா இருந்துச்சும்மா" என்றார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அதை முப்பத்தோரு வருஷத்துக்கு இழுத்தவரை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். கண்ணாடிக்காரம்மா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு, இந்த நாலு பல்லுக்காக நான் பட்டது உங்களுக்குத் தெரியுமா என்று அப்பாவைத் திட்டத் தொடங்கினாள். தன்னைவிட இரண்டு வயது சின்னவரைத் திட்டுவதால் சௌகரியமாகவே திட்டினாள். பல்லுக்காரர் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். மாமனாரின் கையைப் பிடித்து, எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாகப் பட்டறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கே நடந்ததைத் தையல்காரர்தான் எங்களுக்குச் சொன்னார். அவர் உடன் போயிருந்தார்.

அச்சு எடுத்தாகிவிட்டது. நிற அட்டையில் இருப்பதிலேயே பழுப்பான பல்லை எடுத்து, ஓரத்தில் டீக்கறை, உள்பக்கம் கரிப்புகை, டிரைவர் வேலைக்கு ஏற்ற தேய்மானம் என்று பல்லுக்காரர் திட்டம் சொல்லிக்கொண்டே போனார். மாமனார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, கறையெல்லாம் வேணாம். உங்க கல்யாணப் போட்டோவுக்கு நிக்கணும். பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றார்.

பல்லுக்காரர் கொஞ்ச நேரம் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பிறகு நிற அட்டையின் மறுகோடியிலிருந்து, இருப்பதிலேயே வெள்ளையான பல்லை எடுத்தார். மூன்று நாளில் செட் தயாரானது. கல்யாணப் படத்தை எஞ்சினுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். பிரிண்ட் வந்ததும் தையல்காரர் மாமனார், மாப்பிள்ளை இரண்டு பேர் சட்டையிலும் பையைச் சரிபார்த்துவிட்டுத்தான் மாட்டவிட்டார். குமாஸ்தா பதிவேட்டில் முப்பத்தோரு வருஷம் இருபது நிமிஷம் தாமதம், காரணம் வெளிச்சிக்னல் என்று எழுதிக் கோடு போட்டு முடித்தார். எஞ்சினைத் திரும்ப எடுத்துப்போகத் தண்டவாளம் இல்லாததால் அது அங்கேயே நிற்கிறது. கண்ணாடிக்காரம்மா அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு போகிறாள். மாமனார் சாயங்காலத்தில் வாசல் பலகைமேல் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார். அது பொய்ப்பல் என்று தெருமுனையில் வரும்போதே தெரிகிறது. பல்லுக்காரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.